கன உலோகம் கலந்த நீரும் மக்கும் ஜெல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பாசியிலிருந்தும் இறால் ஓட்டிலிருந்தும் எடுத்த பொருள்களால் ஜெல் செய்து, நீரில் கலந்த ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்துவிடலாம் என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. செய்தி உண்மைதான். ஆனால் கூடவே "இயற்கைப் பொருள், தானே மக்கிவிடும், அப்புறம் கவலையே இல்லை" என்று ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வரிதான் ஆபத்தானது. ஜெல் மக்கும், உலோகம் மக்காது. பிடித்த உலோகம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்காமல் இந்த முறையைப் பற்றிப் பேசவே முடியாது. அதை மனதில் வைத்துத்தான் கீழேயுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கன உலோகம் என்று எவற்றைச் சொல்கிறோம்? அவற்றுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

நீர் மாசு என்று வரும்போது ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றையே பெரும்பாலும் சொல்கிறோம். ஆர்சனிக் வேதியியல்படி முழு உலோகம் இல்லை. ஆனால் செய்யும் கெடுதல் ஒன்றுதான் என்பதால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மின்முலாம் பூசும் பட்டறைகள், பேட்டரி ஆலைகள், சுரங்கங்கள், உலோகம் உருக்கும் இடங்கள், பழைய ஈயக் குழாய்கள் என்று இவை நீரில் கலக்கப் பல வழிகள் உண்டு. ஆர்சனிக் பல இடங்களில் பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் இறங்குகிறது.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகளைப் பார்த்தால் எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரியும். ஒரு லிட்டரில் ஈயம் 10 மைக்ரோகிராம், ஆர்சனிக் 10, காட்மியம் 3, கனிமப் பாதரசம் 6, மொத்தக் குரோமியம் 50, நிக்கல் 70. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் நிறம், மணம், சுவை எதுவும் தெரியாது. தெளிந்த நீர் நல்ல நீர் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

பூச்சிமருந்தோ சாயமோ என்றால் வெயிலிலோ நுண்ணுயிரிகளாலோ என்றைக்காவது உடைந்து வேறொன்றாகும். உலோகம் ஒரு தனிமம், அதற்குமேல் உடைய அதில் ஒன்றும் இல்லை. உடலுக்குள் போனாலும் அப்படித்தான். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்புகளைத் தாக்கியது. அந்த நோய் 1956இல் பதிவானது, பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகள் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் நீண்டன.

நீரைக் கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது. கிருமிதான் சாகும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சமுள்ள நீரில் உலோகத்தின் செறிவு கூடும்.

சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கும் பழைய முறை இருக்கிறதே, ஜெல் எதற்கு?

பழைய முறை மட்டமானது இல்லை. ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உலோகம் இருக்கும் ஆலைக் கழிவுநீருக்குச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்து, உலோகத்தை ஹைட்ராக்சைடாகப் படியவைப்பதுதான் இன்றும் மலிவான வழி. சிக்கல் அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு பிஹெச்சில்தான் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நன்றாகப் படியும். குரோமியம் 8க்கு அருகில், நிக்கல் 10க்கு மேல், காட்மியம் அதற்கும் மேல். நிக்கலுக்காகக் காரத்தை ஏற்றினால் ஏற்கெனவே படிந்த குரோமியத்தில் கொஞ்சம் திரும்பக் கரையும். கலவையான கழிவுநீரில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். போதாததற்கு, நீர் நிறைந்த கசடு மூட்டை மூட்டையாகச் சேரும்.

அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் அயனிப் பரிமாற்றப் பிசின்கள், எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.), உலோகத்தைத் தன் பரப்பில் கவரும் ஜெல்கள் ஆகியவை வருகின்றன. என்னைக் கேட்டால் ஜெல்லுக்குப் பொருத்தமான இடம் இந்தக் கடைசிக் கட்டம்தான். முதல் சுமையைச் சுண்ணாம்பு தாங்கட்டும், அதனால் எடுக்க முடியாததை ஜெல் எடுக்கட்டும். எடுத்த எடுப்பில் செறிவான கழிவில் ஜெல்லைப் போட்டால் சீக்கிரமே நிறைந்துவிடும், செலவும் வீணாகும்.

மக்கும் ஜெல் எதிலிருந்து வருகிறது?

நீரில் ஊறிப் பருத்து, ஆனால் கரையாமல், வடிவம் மாறாமல் நிற்கும் பலபடிச் சங்கிலிகளின் (சிறு அலகுகள் கோத்த நீண்ட மூலக்கூறுகளின்) வலைதான் ஜெல். எடையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நீராகவே இருக்கலாம். அந்த வலையை உயிரினங்களிலிருந்து எடுத்த பொருளால் பின்னினால், நுண்ணுயிரிகள் அதைத் தின்று செரிக்க வாய்ப்பு உண்டு.

அதிகம் பயன்படுவது இரண்டு. பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து வரும் ஆல்ஜினேட் ஒன்று. இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைச் செறிவான காஸ்டிக் சோடாவில் வேகவைத்து எடுக்கும் கைட்டோசான் இன்னொன்று. இவை போக மரக்கூழ் அல்லது பஞ்சிலிருந்து வரும் செல்லுலோஸும் அதிலிருந்து செய்த கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும், பழத்தோலிலிருந்து வரும் பெக்டின், ஸ்டார்ச், ஜெலட்டின் என்று வரிசை நீளும். பெரும்பாலும் இரண்டு மூன்றைக் கலந்துதான் செய்கிறார்கள். ஒன்றுக்குப் பிடிமானம் இருக்கும், இன்னொன்றுக்கு உறுதி இருக்கும்.

உலோகம் ஜெல்லில் எப்படி ஒட்டுகிறது?

வடிகட்டி மண்ணைத் தடுப்பதுபோல நடப்பதில்லை. கரைந்த உலோக அயனி ஜெல்லின் துளைகளைவிட மிக மிகச் சிறியது, தடையில்லாமல் உள்ளே புகும். உள்ளே சங்கிலி நெடுகிலும் அயனியைப் பிடிக்கும் வேதித் தொகுதிகள் காத்திருக்கின்றன.

ஆல்ஜினேட்டில் கார்பாக்சில் தொகுதிகள் உண்டு. அவை ஹைட்ரஜனை இழந்ததும் எதிர்மின்சுமை பெற்று, நேர்மின்சுமையுள்ள உலோக அயனியை இழுக்கும். ஆல்ஜினேட் ஜெல்லாக உறைவதும் இப்படித்தான். சங்கிலியிலுள்ள குளூரோனிக் அமிலப் பகுதிகள் மடிந்து மடிந்து குழிகளை உண்டாக்கும், இரண்டு சங்கிலிகளின் குழிகளுக்கு நடுவே ஒரு கால்சியம் அயனி உட்காரும். 1973இல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கத்துக்கு முட்டைப் பெட்டி மாதிரி என்றே பெயர். அந்தக் குழிகளுக்குக் கால்சியத்தைவிட ஈயமும் தாமிரமும் காட்மியமும் அதிகப் பிடித்தமானவை. ஈயம் கலந்த நீரில் ஜெல்லைப் போட்டால் கால்சியம் எழுந்து நீருக்குப் போகும், ஈயம் அந்த இடத்தில் உட்காரும். பரப்பு கவர்தல் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி உண்மையில் அயனிப் பரிமாற்றம்தான். பிடித்த ஈயத்துக்கு ஈடாகக் கால்சியம் வெளியே வந்திருக்கிறதா என்று நீரைச் சோதித்தே இதை உறுதி செய்யலாம்.

கைட்டோசானின் கதை வேறு. அதன் அமீன் தொகுதியிலுள்ள நைட்ரஜன் தன்னிடம் இருக்கும் ஓர் இணை எலக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுத்துப் பிணைப்பை உண்டாக்கும். தாமிரத்தை இது விரும்பிப் பிடிக்கும்.

ஆல்ஜினேட் மணி, அதாவது சிறு ஜெல் உருண்டை, எப்படிச் செய்கிறார்கள்? கண்ணால் பார்க்க முடிகிற ஏதாவது நடக்குமா?

நன்றாகவே பார்க்கலாம். இந்தத் துறையில் கால்வைக்கும் யாரும் முதலில் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பேன். 2 விழுக்காடு சோடியம் ஆல்ஜினேட் கரைசல் தேன் பதத்துக்குக் கெட்டியாக இருக்கும். பொடியை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும், கலக்கிக்கொண்டே தூவ வேண்டும். கலக்கும்போது சேரும் காற்றுக் குமிழிகள் அடங்கச் சில மணி நேரம் அப்படியே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணிகள் மிதக்கும். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சிலோ மெல்லிய குழாயிலோ எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு உள்ளே விழுந்ததுமே அதன் மேல்தோல் உறைந்து, கண்ணாடி நிறத்தில் உருண்டையாகிவிடும். மிகத் தாழ்வாகப் பிடித்து விட்டால் மணிக்கு வால் முளைக்கும். மிக உயரத்திலிருந்து விட்டால் தட்டையாகும். உள்ளேயும் முழுக்க உறைய அதே கரைசலில் சில மணி நேரமாவது ஊறட்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் மணிகள் கிடைக்கும்.

இவற்றைக் கழுவி, வெளிர்நீல நிறமான நீர்த்த தாமிர சல்பேட் கரைசலில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் மணிகள் நீலமாகத் தொடங்கும், கரைசல் வெளுக்கும். பத்து நிமிடத்தில் ஒரு மணியை எடுத்துப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளி ஓரத்தில் நீல வளையமும் நடுவில் நிறமற்ற வட்டமும் தெரியும். நேரம் போகப் போக வளையம் தடித்து, நடு வட்டம் சுருங்கி மறையும். உலோகம் வெளியிலிருந்து உள்ளே ஊர்ந்து போகிறது என்று பாடத்தில் படிப்பது இங்கே கைமேல் தெரியும். பிளேடில் கவனம் வேண்டும், கையுறையையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். முடிந்ததும் தாமிரக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனியே சேர்த்து வைக்க வேண்டும். நீரில் வாழும் உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு.

அப்படியானால் எவ்வளவு நேரம் நீரும் ஜெல்லும் சேர்ந்திருக்க வேண்டும்?

அந்த நீல வளையம்தான் பதில். அயனி ஜெல்லுக்குள் பரவ எடுக்கும் நேரம், மணியின் ஆரத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். 3 மில்லிமீட்டர் மணிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கொண்டால், அதில் பாதி விட்டமுள்ள மணிக்குக் கால் மணி நேரம் போதும். சிறிய மணி வேகமானது. ஆனால் குழாயில் நிரப்பி நீரை ஓட்டும்போது சிறிய, மிருதுவான மணிகள் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி நீரையே அடைத்துவிடும். ஆய்வகத்தில் ஜாடியில் கலக்கிய ஜெல் அழகாக வேலை செய்யும், அதையே ஒரு மீட்டர் உயரக் குழாயில் அடைத்தால் நீர் இறங்காது. இதனால் களத்துக்குப் போகாமலே நின்றுபோன ஜெல்கள் நிறைய. களிமண், செல்லுலோஸ் இழை போன்றவற்றைச் சேர்த்து உறுதியாக்குவதும், மணிகளை அடைத்து வைக்காமல் கீழிருந்து நீரை ஏற்றி மிதக்கவிடுவதும் இதற்கான வழிகள். காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களைச் சேர்த்தால், தொட்டியில் கலக்கிவிட்டு ஜெல்லைக் காந்தத்தால் வாரிவிடலாம்.

"ஒரு கிராம் ஜெல் 200 மில்லிகிராம் ஈயத்தைப் பிடிக்கும்" என்கிறார்கள். நம்பலாமா?

எண் பொய்யில்லை. அது எந்த நிலையில் கிடைத்த எண் என்பதைச் சொல்வதில்லை, அதுதான் குறை. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

200 என்பது ஜெல்லின் எல்லா இருக்கைகளும் நிறைந்தால் கிடைக்கும் உச்ச அளவு. அவ்வளவும் நிறைய வேண்டுமானால் சுற்றியுள்ள நீரில் உலோகம் மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு லிட்டருக்கு 100, 500 மில்லிகிராம் ஈயம் போட்டுத்தான் அந்த உச்சத்தைக் காண்கிறார்கள். மாசுபட்ட குடிநீரில் ஈயம் 0.1 மில்லிகிராம் இருந்தாலே அதிகம்.

நீரிலுள்ள செறிவுக்கும் ஜெல் பிடிக்கும் அளவுக்கும் உள்ள உறவை வேதியியலாளர் லாங்முயர் 1918இல் தந்த சமன்பாடு காட்டுகிறது. கணக்குக்காக ஒரு ஜெல்லை எடுத்துக்கொள்வோம். உச்ச அளவு கிராமுக்கு 200 மில்லிகிராம், பிடிமானத்தைக் காட்டும் மாறிலி மில்லிகிராமுக்கு 0.05 லிட்டர். நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்தால் இந்த ஜெல் கிராமுக்கு 167 மில்லிகிராம் பிடிக்கும். பிரமாதம். அதே ஜெல் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் உள்ள நீரில் பிடிப்பது கிராமுக்கு வெறும் 1 மில்லிகிராம்தான்.

இப்போது 1000 லிட்டர் நீரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வையுங்கள். அதில் மொத்தம் 100 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது. விளம்பர எண்ணை நம்பினால் அரை கிராம் ஜெல் போதும். உண்மையில் குழாயில் நிரப்பி ஓட்டினால் சுமார் 100 கிராம் வேண்டும். ஒரே தொட்டியில் போட்டுக் கலக்கி 0.01 மில்லிகிராம் வரை இறக்க வேண்டுமானால் ஏறத்தாழ 900 கிராம் ஆகும். தொட்டியில் கடைசியாக மிஞ்சும் செறிவோடுதான் ஜெல் சமநிலைக்கு வரும், அங்கே அது பிடிப்பது கிராமுக்கு 0.1 மில்லிகிராம் மட்டுமே. குழாயிலோ முதலில் நுழையும் நீரின் செறிவைக் கண்டு ஜெல் நிறைகிறது. அதனால்தான் குழாய் முறை ஜெல்லை மிச்சப்படுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கிராம் எல்லாம் உலர்ந்த எடை. ஈர மணியில் 3 விழுக்காடுதான் ஜெல் பொருள் என்றால் 100 கிராம் என்பது 3 கிலோவுக்கு மேல் ஈர மணி. உலர்த்தி அனுப்பலாமே என்றால், சாதாரணமாக உலர்த்திய மணி சுருங்கி இறுகி, திரும்ப நனைத்தாலும் பழைய அளவுக்குத் திறந்துகொள்ளாது. உறையவைத்து உலர்த்தினால் துளைகள் காப்பாற்றப்படும், செலவு ஏறும்.

ஆகவே இரண்டு ஜெல்களை ஒப்பிடும்போது உச்ச எண்ணை விடுங்கள். உங்கள் நீரின் செறிவில் அது எவ்வளவு பிடிக்கிறது என்பதையே கேளுங்கள். உச்சம் 80தான், ஆனால் தாழ்ந்த செறிவில் பிடிமானம் பத்து மடங்கு என்றால் அந்த ஜெல்தான் நல்ல ஜெல்.

எல்லா உலோகத்துக்கும் ஒரே ஜெல் போதுமா?

போதாது. ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல் ஆகியவை நீரில் நேர்மின்சுமையோடு இருப்பவை, கார்பாக்சில் உள்ள ஜெல்கள் அவற்றுக்குப் பொருந்தும். நிக்கலுக்கும் துத்தநாகத்துக்கும் ஈயத்துக்கு இருக்கும் அளவு பிடிப்பு ஆல்ஜினேட்டில் இருக்காது. பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தனி ஈர்ப்பு, அதனால் கந்தகம் உள்ள தயால் தொகுதி சேர்த்த ஜெல் வேண்டும்.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட்டாக, எதிர்மின்சுமையோடு இருக்கிறது. சாதாரண ஆல்ஜினேட் அதைத் தள்ளிவிடும். அமில நீரில் நேர்மின்சுமை பெற்ற கைட்டோசான் அதை இழுக்கும், இழுத்ததில் ஒரு பகுதி ஜெல்லிலேயே மூன்று இணைதிறன் குரோமியமாக மாறவும் செய்யும். மூன்று இணைதிறன் வடிவத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு என்பதால் அந்த மாற்றம் நன்மையே.

ஆர்சனிக் இன்னும் பிடிவாதமானது. ஆர்சனேட் வடிவத்தை இரும்பு ஆக்சைடு ஏற்றிய ஜெல்கள் நன்றாகப் பிடிக்கும். காற்றுப் படாத நிலத்தடி நீரில் பெரும்பாலும் இருக்கும் ஆர்சனைட் வடிவத்துக்கோ நடுநிலை நீரில் மின்சுமையே இல்லை. முதலில் குளோரின் போன்ற ஒன்றால் அதை ஆர்சனேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு அப்புறம் பிடிப்பதே நல்லது.

நீரின் பிஹெச் எப்படி இருக்க வேண்டும்?

நேர்மின்சுமை உலோகங்களுக்கு 5 முதல் 6 வரை வசதி. 2இல் ஹைட்ரஜன் அயனிகளே எல்லா இருக்கைகளையும் பிடித்துவிடும், உலோகத்துக்கு இடம் இருக்காது. 7ஐத் தாண்டினால் ஈயமும் தாமிரமும் ஹைட்ராக்சைடாகத் தானே படியத் தொடங்கும். அந்த நிலையில் நீரிலிருந்து மறைந்ததை எல்லாம் ஜெல்லின் கணக்கில் எழுதுவது தவறு. ஜெல் போடாத ஒரு ஜாடியையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்காத முடிவுகளை நான் நம்புவதில்லை.

கடின நீரிலும் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் திறன் குறையும். லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியமும் 0.1 மில்லிகிராம் ஈயமும் உள்ள நீரில், ஒவ்வோர் ஈய அயனிக்கும் சுமார் 4000 கால்சியம் அயனிகள் போட்டிக்கு நிற்கின்றன. ஜெல்லுக்கு ஈயத்தின்மேல் பிடித்தம் அதிகம்தான், என்றாலும் கூட்டம் கூட்டம்தான். சோடியம் உப்பு மிகுந்த நீர் இன்னொரு தொல்லை தரும். சோடியம் கால்சியத்தை வெளியேற்ற, ஆல்ஜினேட் மணி ஊதிப் பெருத்து, தளர்ந்து, கடைசியில் கரைந்தே போகலாம். பாஸ்பேட், சிட்ரேட் உள்ள கழிவுநீரும் அப்படியே. காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனையை மட்டும் காட்டி ஜெல்லை விற்க வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு முறை நிறைந்த ஜெல்லைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். நீர்த்த அமிலத்தில் கழுவினால் ஹைட்ரஜன் அயனிகள் உலோகத்தை வெளியே தள்ளும். பிறகு ஆல்ஜினேட்டைக் கால்சியம் குளோரைடில் நனைத்து மறுபடி தயார் செய்யலாம். உலோகத்தை இழுக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் நல்லது, ஆனால் ஆல்ஜினேட் மணியைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தையும் அது பிடுங்கிவிடும், மணி கூழாகிவிடும். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு இல்லாத கைட்டோசானோ அசிட்டிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் கரைந்துபோகும். ஒவ்வொரு சுற்றிலும் திறன் கொஞ்சம் குறைவது இயல்பு.

கழுவிய அமிலத்தில் இப்போது உலோகம் செறிவாக இருக்கிறது. 1000 லிட்டரில் பரவிக் கிடந்தது சில லிட்டருக்குள் வந்துவிட்டது. இந்த முறையின் உண்மையான பயன் அந்தச் சுருக்கம்தான்.

ஜெல் மக்கிவிடும் என்கிறீர்கள். பிடித்த உலோகம் என்ன ஆகும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

ஈயம் ஏறிய ஜெல்லை உரக்குழியில் போட்டால் நுண்ணுயிரிகள் வலையைத் தின்னும், ஈயம் உரத்தில் தங்கும். அந்த உரம் மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து செடிக்கு, மழையில் நீருக்கு. கஷ்டப்பட்டு எடுத்ததை நாமே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். உலோகம் ஏறிய ஜெல் மக்கக்கூடாத ஜெல். அது அபாயக் கழிவு, அப்படியே கையாள வேண்டும்.

சரி, வழிகள் என்ன? அமிலத்தில் கழுவி உலோகத்தை எடுத்துவிட்டு, மின்னாற்பகுப்பிலோ படியவைத்தோ அதை மீட்பது முதல் வழி. தாமிரம், நிக்கல் போன்ற விலையுள்ளவற்றுக்கு இது கட்டுப்படியாகும். நன்றாகக் கழுவி, மிச்சம் எவ்வளவு என்று அளந்து, வரம்புக்குள் இருந்தால் அந்த வெறும் ஜெல்லை மக்கவிடலாம். மக்கும் தன்மை உண்மையில் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். செயற்கைப் பிசினாக இருந்தால் கழுவிய பிறகும் பல காலம் அப்படியே கிடக்கும்.

கழுவி மீட்க முடியாதபோது சிமெண்டோடு கலந்து இறுக்கி, அபாயக் கழிவுக்கென்று கட்டிய நிலநிரப்பில் வைப்பார்கள். அதற்கு முன் உலோகம் கசிகிறதா என்று சோதிப்பது வழக்கம். அமெரிக்காவில் பயன்படும் கசிவுச் சோதனையில், கழிவிலிருந்து எடுத்த சாற்றில் லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராமையோ, காட்மியம் 1 மில்லிகிராமையோ, பாதரசம் 0.2 மில்லிகிராமையோ எட்டினால் அது அபாயக் கழிவு.

எரிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாமிரம் ஏறியதைத் தகுந்த உலையில் எரித்துச் சாம்பலிலிருந்து மீட்க முடியும். பாதரசம் ஏறியதை ஒருபோதும் சாதாரணமாக எரிக்கக்கூடாது. பாதரசம் 357 டிகிரியில் கொதித்து, நீரிலிருந்து எடுத்தது காற்றில் ஏறிவிடும். காட்மியமும் ஆர்சனிக்கும்கூட உலைச் சூட்டில் புகையோடு போகக்கூடியவை. குரோமியம் ஏறிய ஜெல்லை எரித்தால் மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறாக மாற வாய்ப்பு உண்டு.

கடற்பாசி, இறால் ஓடு என்று தொடங்கிய எல்லா ஜெல்லும் மக்குமா?

இல்லை. ஜெல்லை உறுதியாக்க குளுட்டரால்டிஹைடு, எபிகுளோரோஹைட்ரின் போன்றவற்றால் குறுக்குப் பிணைப்புப் போடுவார்கள். பிணைப்பு நெருங்க நெருங்க, நுண்ணுயிரிகளின் நொதிகள் சங்கிலியை வெட்டுவது கடினமாகும். இரண்டு பொருள்களும் நஞ்சுள்ளவை வேறு. கார்டீனியா பழத்திலிருந்து வரும் ஜெனிபின், சிட்ரிக் அமிலம் ஆகியவை மென்மையான மாற்றுகள். ஜெனிபின் விலை அதிகம்.

ஸ்டார்ச்சோடு அக்ரிலிக் அமிலமோ அக்ரிலமைடோ இணைத்த ஜெல்லில் ஸ்டார்ச் மட்டும்தான் மக்கும். மிஞ்சும் அக்ரிலிக் சங்கிலி நெகிழி வகைதான். அக்ரிலமைடு மிச்சம் நரம்புக்குக் கேடு. "உயிரியல் அடிப்படை" என்று எழுதியிருப்பதை மக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், மக்கும் சோதனையின் முடிவைக் கேளுங்கள். அந்தச் சோதனை புது ஜெல்லிலா, உலோகம் ஏறிக் கழுவிய ஜெல்லிலா என்பதையும் கேளுங்கள். தாமிரம் போன்றவை நுண்ணுயிரிகளைக் கொல்வதால், மிச்சம் ஒட்டியிருக்கும் ஜெல் மெதுவாகவே மக்கும்.

மக்கும் தன்மைக்கு மறுபக்கமும் உண்டு. வேலையில் இருக்கும்போதே மக்கத் தொடங்கலாம். வெதுவெதுப்பான இடத்தில் ஈர மணிகள் சீக்கிரம் வழவழப்பாகி நாறும். குளிரில், நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் வைப்பது நல்லது.

வீட்டுக் குடிநீருக்கு இந்த மணிகளைச் செய்து போடலாமா?

வேண்டாம். ஜெல் எப்போது நிறைந்தது என்று வீட்டில் தெரியாது. நிறைந்த ஜெல், நீரின் தன்மை கொஞ்சம் மாறினாலே பிடித்ததை விடக்கூடும். ஜெல்லே நுண்ணுயிரிகளுக்கு உணவு என்பதால் அவை அதில் பெருகும். நீரில் கன உலோகம் இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் ஆய்வகத்தில் சோதியுங்கள். இருப்பது உறுதியானால், அந்த உலோகத்துக்கென்று சான்று பெற்ற வடிகட்டியோ எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியோதான் வீட்டுக்கு ஏற்றது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈயம் என்று வந்தால், சரியாகும் வரை வேறு நீருக்கு மாறிவிடுங்கள்.

மாசுபட்ட குளத்திலோ ஆற்றிலோ நேரடியாகக் கொட்டலாமா?

கூடாது. கொட்டியதை முழுக்க வாரி எடுக்க முடியாது. எடுக்காமல் விட்ட மணிகள் உலோகத்தோடு அடியில் தங்கும், அங்கேயே மக்கி, பிடித்ததை அதே நீரில் விடும். மீன் தின்றால் நிலைமை இன்னும் மோசம். வலைப்பையில் கட்டி இறக்கி, எண்ணி எடுக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் மாசு உள்ளே வரும் வாயை அடைக்காமல் இதைச் செய்வதில் பயனில்லை.

ஆலைக்காக இப்படியொரு ஜெல் வாங்கப் போகிறோம். விற்பவரிடம் என்ன கேட்பது?

உங்கள் கழிவுநீரிலேயே ஒரு கேனை எடுத்துக் கொடுத்து, அதைக் குழாயில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் போன பிறகு வெளியேறும் நீரில் உலோகம் வரம்பைத் தாண்டுகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற ஒற்றை எண்ணைவிட அந்த வரைபடம் அதிகம் சொல்லும். ஐந்தாவது முறை கழுவிய பிறகு எடுத்த வரைபடமும் இருந்தால் வாங்கிப் பாருங்கள். வெளியேறும் நீரில் ஜெல்லிலிருந்து கரிமப் பொருள் கரைந்து வருகிறதா என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். இயற்கை ஜெல்கள் கொஞ்சமாவது கரைந்து, கழிவுநீரின் ஆக்சிஜன் தேவையை (அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவை) ஏற்றும்.

கடைசியாக, நிறைந்த ஜெல்லை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எடுத்தால் எங்கே கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "மண்ணில் போட்டால் மக்கிவிடும்" என்பதுதான் பதில் என்றால், அவர்களிடம் வாங்காதீர்கள்.